பத்து அடி தள்ளி ஓர் ஐஸ் பெட்டி

அந்த முப்பது வீட்டுக் கதவுகளைத் தட்டி ரெஜினா என்ன சொல்லியிருப்பாள்? எனக்குத் தெரியாது. இருபது வருஷமாகத் தெரியாது. அவளிடமே கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை.

இனிமேல் கேட்க முடியாது. ரெஜினா இன்று காலை போய்விட்டாள். மாரடைப்பு. அவள் கணவர் பதிவு போட்டிருக்கிறார்.

ரத்தக்குழாய் ஆராய்ச்சியில் வேலை பார்த்தவளுக்கே மாரடைப்பா என்று யாரும் இங்கே கமெண்ட் போட வேண்டாம். ப்ளீஸ்.

அவளைத் தெரியாதவர்களுக்காக: பினாங்கில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் உயிர்வேதியியலில் மாஸ்டர்ஸ், அவள் டிப்ளோமா. என்னைவிட இரண்டு வயது சின்னவள். 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து உடம்பில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உண்டாகிறது. அது ரத்தத்தில் கூடினால் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. (அதைக் குறைத்தால் இதயம் தப்பிவிடும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். அவ்வளவு சுலபமில்லை என்று பிறகு தெரிந்தது. அது வேறு கதை.)

சுங்கை பினாங் ஃபிளாட்டுகளின் கீழ்த்தள மண்டபம். காலை ஏழு மணி. வெறும் வயிற்றோடு வருவார்கள், ஆளுக்கு ஒரு டியூப் ரத்தம் எடுப்போம். எடுத்த டியூபை உடனே ஐஸில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சிவப்பணுக்கள் டியூபுக்குள்ளேயே ஹோமோசிஸ்டீனை விட்டுக்கொண்டிருக்கும். அளவு பொய்யாக ஏறும்.

ஐஸ் பெட்டி பத்து அடி தள்ளி இருந்தது. ரெஜினா ஒவ்வோர் ஆளுக்கும் எழுந்து போய் வைத்துவிட்டு வருவாள். நான் ரேக் நிறையும்வரை மேசையிலேயே வைத்திருந்து மொத்தமாகக் கொண்டுபோவேன். எனக்கு வேகம் முக்கியம்.

"என்ன ரெஜினா, எக்சர்சைஸா?" என்றேன் ஒருநாள்.

"ஆமாக்கா. நீங்க உக்காந்தே இருங்க, அடுத்த மாசம் உங்க கல்யாண ரவிக்கை ஏறாது லா."

வரிசையே சிரித்தது. அவள் வரிசைதான் எப்போதும் நீளம். எனக்கு ஒரே குத்தில் நரம்பு கிடைக்கும், வலிக்காது. அப்படியும் என் நாற்காலி காலியாகக் கிடக்கும்போது, "பரவால்ல, நான் அந்தப் பிள்ளைகிட்டயே எடுத்துக்கறேன்" என்று நிற்பார்கள்.

முடிவுகள் வந்தன. நான் எடுத்த முப்பது பேருக்கும் அளவு அதிகம். அவள் எடுத்தவர்களுக்குச் சாதாரணம். அவள்தான் ஏதோ சொதப்பிவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தாகிவிட்டது.

பேராசிரியர் இருவரையும் கூப்பிட்டார். "யாரோட தப்பு?"

அந்த நொடியில்தான் எனக்கு என் ரேக் ஞாபகம் வந்தது.

"ஐஸ் பத்தல சார், ரெண்டு மேசைக்கும் ஒரே பெட்டி," என்றாள் ரெஜினா. "அந்த முப்பது பேருக்கும் மறுபடி எடுத்துடலாம். நான் போய்க் கூப்புட்டு வர்றேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருவர் விடாமல் வந்தார்கள். இன்னொரு முறை பட்டினி கிடந்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய முனியாண்டி அண்ணன் மட்டும் முனகினார். "கோப்பி குடிக்காம கிரேன்ல ஏறுனா கீழ நிக்கறவன் தலையிலதான் சரக்குப் பெட்டி லா."

"விழுந்தா நான் புடிச்சிக்கறேண்ணே. கைய நீட்டுங்க."

நீட்டினார்.

எனக்கு அன்று நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, பொறாமைதான் வந்தது. நான் போயிருந்தால் பாதிக் கதவு திறந்திருக்காது.

கட்டுரை வெளியானது. முதல் பெயர் என்னுடையது. ரெஜினா கடைசியில், நன்றிப் பகுதியில், ஒரு வரி. பொறாமைப்பட வேண்டியவள் அவள். பட்டவள் நான்.

இன்றும்தான். காலையிலிருந்து அவள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஆட்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாரிடமும் அவளோடு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

டியூபுகளை மேசையில் வைத்திருந்தது நான்தான். ஐஸ் பத்தாமல் இல்லை. அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது... இங்கே எழுதுகிறேன்.

போய் வா, ரெஜினா.

மறுநாள் சேர்த்தது:

இன்று காலை அவளுடைய அடக்கத் திருப்பலிக்குப் போனேன். தேவாலயம் நிறைந்திருந்தது. பின்வரிசைப் பெஞ்சில் முனியாண்டி அண்ணன், கைத்தடியோடு. என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை மேலே தள்ளினார்.

"இன்னைக்குமா ரத்தம்?"

இல்லை என்றேன். அன்று ரெஜினா வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"'ஊசி போடறது அக்கா, ஐஸ்ல வைக்கறது என் பொறுப்பு, நான் மறந்துட்டேண்ணே, என் வேலை போயிரும்'னு அழுவாத குறையா நின்னுச்சு. எங்க ஃபிளாட்ல எல்லா வீட்டுலயும் அதையேதான் சொல்லுச்சு. பாவமாப் போச்சு."

"மறந்தது அவ இல்லண்ணே. நான்தான்."

அவர் மேலே தள்ளியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"அப்படியா... நீ வந்து கேட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேம்மா."

சொல்லிவிட்டு, கைத்தடியை எடுத்து அந்தப் பக்கம் வைத்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன்.