கொடிக்காலில் ஒழுகிய படகு இஞ்சின்

அந்த நாளில் எனக்கு வாய் ரொம்ப நீளம். மதுரையில் பட்டறை வைத்து நாலைந்து அரவை மில் இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியிருந்தேன். அதற்கே என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. யுத்த காலம், புது இஞ்சின் கண்ணில் படாது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு முதலாளி, தொண்டிக் கடற்கரையில் துருவேறிக் கிடந்த படகு இஞ்சின் ஒன்றை வாங்கி வந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்க இது ஆகுமா என்று கேட்டார். "ஆகுமாவா? பார்த்துக்கிட்டே இருங்க" என்றேன்.

அக்கு அக்காகக் கழற்றி, புதிதாகப் பூட்டி, கிணற்று மேட்டில் நிறுத்தினேன். ஓட்டத் தொடங்கும் நாளில் பூசை. இஞ்சினின் முன்பக்கம் ஒரு சின்னக் குழாய் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் என் கையாலேயே சந்தனத்தைக் கொழுக்க அப்பி, குங்குமமும் வைத்தேன். இஞ்சினை ஓட்டப் போகிறவனைக் கூப்பிட்டு, "தினம் துடைச்சுச் சுத்தமா வையி. பொட்டுல மட்டும் கைய வச்சிராத" என்றேன். அவன் அதே கொடிக்காலில் மண்வெட்டி பிடித்தவன், சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவனுடைய தெருவில் அவனை 'டிரைவர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

பதினைந்து நாளில் ஆள் வந்தது. இஞ்சினில் எண்ணெய் ஒழுகி வாய்க்காலில் கலந்து, ஒரு வரிசைக் கொடி முழுக்கப் பழுத்துவிட்டதாம். போனேன். இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மூட்டுகளில் எல்லாம் சுண்ணாம்பு நீர் பூசி, வெயிலில் காயவிட்டு ஓட்டச் சொன்னேன். வெள்ளை எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. அன்றைக்கோ மூன்று இடம் ஒன்றாகக் கறுத்தது.

எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிதுங்கினால் குற்றம் மூட்டில் இல்லை, உள்ளே காற்று வெளியேற வழியில்லாமல் நெருக்குகிறது என்று அரைகுறைக்கும் தெரியும். நான் இஞ்சினையா பார்த்தேன்? முதலாளியின் முகத்தைப் பார்த்தேன்.

"உம்ம வேலையிலதான் கோளாறா?" என்றார் அவர்.

"என் வேலையிலயா? இவன் ஸ்பேனரைப் போட்டுக் கண்டபடி முறுக்கியிருக்கான்!"

"சத்தியமாத் தொடல மேஸ்திரி. துடைக்க மட்டுந்தான் செஞ்சேன்" என்றான் டிரைவர்.

முதலாளி அவனிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "நாளையிலருந்து நீ மண்வெட்டிக்கே போயிரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு அவனும் இறங்கிப் போனான்.

தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அந்த மூக்குக் குழாயை உருவினேன். அதுதான் இஞ்சின் மூச்சு விடுகிற வழி. அதன் வாய் என்னுடைய சந்தனத்தால் அடைபட்டு, எண்ணெயில் ஊறி இறுகிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடியாகத் துடைத்திருந்தவன், நான் சொன்ன ஒரே சொல்லுக்காக அங்கே மட்டும் கை வைக்கவில்லை. சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசி ஓட்டினேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

முதலாளி திரும்பி வந்து பார்த்து, "கைராசிக்காரருய்யா நீரு!" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தால், வாய்க்கால் கரையில் அவன் நிற்கிறான். அடிக்கத்தான் நிற்கிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கசிவு நின்னுருச்சாம்ல மேஸ்திரி, நல்லதாப் போச்சு. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. வேற எங்கயாச்சும் இஞ்சின் வேலை கெடைச்சா அதைச் செய்யாம இருப்பேன்ல."

"எண்ணெயை அம்புட்டு ஊத்தக் கூடாதுப்பா" என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொய்.

"அளவுக் கம்பியில நீங்க காட்டுன கோடு வரைக்குந்தான ஊத்துனேன்? இனி எம்புட்டு ஊத்தணும்?"

"கோட்டுக்குக் கீழ ரெண்டு விரக்கடை நிறுத்திரு."

அவன் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து, அளவு மறந்துபோகாமல் இருக்க ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டான். "சரிங்க மேஸ்திரி" என்று கும்பிட்டான். அவ்வளவு குறைத்து ஊற்றினால் எந்த இஞ்சினும் எரிந்துபோகும். அது தெரிந்தும் நான் ரயிலுக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டேன்.