எலுமிச்சை உருளாத இடம்

சுக்கு வாசனையும் டீசல் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குக் கல்யாணமான புதிதில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் முற்றம் அப்படித்தான் மணக்கும்.

வீட்டு முற்றம் இல்லை. பழைய இஞ்சிக் கோடவுனுக்கு நடுவே, நாலு பக்கமும் மதில் சூழ்ந்த பெரிய வெட்டவெளி. ஒரு பாதியில் என் கணவர் ரமேஷின் சித்தப்பா சுக்கு காயப்போடுவார். மறுபாதியில் நாங்கள் கேம்பிங் நடத்தினோம்.

வெளிநாட்டிலிருந்து சொந்த வேனிலேயே ஊர் ஊராகப் போகிறவர்கள் நிறுத்தித் தங்கும் இடம் அது. கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் அவர்கள் வேனுக்குள்ளேயே இருக்கும். நாங்கள் கொடுத்தது இரண்டு பாத்ரூம், ஒரு தண்ணீர்க் குழாய், பிளக் பாயின்ட், துணி உலர்த்த ஒரு கொடி. திருப்பூணித்துறையில் வளர்ந்து, எம்.ஏ. முடித்துவிட்டு வந்த எனக்கு வேலை... பாஸ்போர்ட் விவரம் எழுதுவது, சாவி கொடுப்பது, எலுமிச்சை வைத்துப் பார்ப்பது.

சிரிக்காதீர்கள். வேன் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் படுக்கிறவர்களுக்குத் தலை கனக்கும், அடுப்பில் ஊற்றிய முட்டை ஒரு பக்கமாக ஓடும். ரமேஷேட்டன் கண்ணாலேயே மட்டம் பார்த்துவிடுவார். எனக்கு அந்தக் கண் இல்லை. வண்டி கிளம்பும்போது சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து வேனின் தரையில் வைப்பேன். உருண்டால் அந்தப் பக்கச் சக்கரத்தின் கீழே பலகை. நின்றால் சரி.

இரண்டாவது சீசனில் இல்ஸெ வந்தாள். ஜெர்மன்காரி, அறுபத்தெட்டு வயது, தனியாக. அந்த வேனின் மர வேலை முழுக்க அவள் கணவர் செய்தது. அவர் போன பிறகு ஊரில் வீட்டை விற்றுவிட்டு, அந்த வேனோடு கிளம்பிவிட்டாள். அவளுக்குத் தலைசுற்றல் உண்டு. "லட்டா, கொஞ்சம் சாய்ஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றாள். லதா என்ற என் பெயர் அவள் வாயில் அப்படித்தான் வரும்.

ரமேஷேட்டன் மூன்று நாள் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். நானே முற்றம் முழுக்க இடம் தேடினேன். கிழக்கு மூலையில், பாதாம் மரத்தடியில் வேனை நிறுத்தி எலுமிச்சையை வைத்தேன்... அசையவில்லை. பலகையே வேண்டாம். நல்ல நிழல் வேறு. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தேன். பாதாம் மரத்தடி பளபளத்தது. மழை இல்லை. மதிலடி வடிகால் வழியாகக் காயல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். வேனின் சக்கரம் பாதி முங்கிவிட்டது. இல்ஸெ சாவியைத் திருகத் திருக வண்டி முனகியது, கிளம்பவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது.

"அவரோட மேப் எல்லாம் கீழ் டிராயர்ல இருக்கு!" என்று கத்தினாள்.

நான் தெருவுக்கு ஓடினேன். எதிர்க் கோடவுனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அந்தோணிச் சேட்டனும் ஐந்து பேரும் வடத்தோடு வந்தார்கள். என்னைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தா சேச்சி இது? விருச்சிக மாசத்துல ஆரெங்கிலும் அந்த மூலைல நிறுத்துவாங்களா? வேலியேற்றம் அறியாதா?" விருச்சிகம் என்றால் தமிழ்க் கார்த்திகை; வேலியேற்றம் என்றால் கடல் பொங்கிக் காயல் தண்ணீர் கரையேறுவது.

"எனக்கு யாரும் சொல்லலை சேட்டா..."

"எம்.ஏ. படிச்ச ஆளாக்கும்!" என்றார் பின்னால் நின்றவர்.

"மதிடா, போதும்" என்று அவரை அடக்கினார் அந்தோணிச் சேட்டன். "டேய், மெல்லப் பிடி. இது வண்டியில்ல, அவங்க வீடாக்கும்."

வேன் மேட்டுக்கு வந்தது. ஆனால் டிராயருக்குள் தண்ணீர் போய்விட்டிருந்தது. அவள் கணவர் நீலப் பேனாவில் வழி குறித்து, ஓரத்தில் என்னென்னவோ எழுதிய மேப்புகள். இல்ஸெ அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

சித்தப்பாதான் வந்து, காய்ந்துகொண்டிருந்த சுக்கை ஒரு ஓரமாகத் தள்ளினார். "இங்க நல்ல வெயில் அடிக்கும். விரிங்க." பதினோரு மேப். பறக்காமலிருக்க ஒவ்வொரு மூலையிலும் ஒரு துண்டு சுக்கு. இல்ஸெயும் நானும் மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் போட்டோம். மை பல இடங்களில் பரவியிருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். "இனிமே அவர்கிட்டயும் கொச்சி வாசனை அடிக்கும்."

அன்று மாலை ரமேஷேட்டன் வந்தார்.

"யார்கிட்ட கேட்டு அங்க நிறுத்தின?"

"எலுமிச்சைகிட்ட."

பாதாம் மரத்தடியைக் கை காட்டினார். "அந்த மூலை ஏன் அவ்வளவு மட்டமா இருக்கு தெரியுமா? வருஷா வருஷம் தண்ணி வந்து நின்னு சேறு படிஞ்ச இடம் அது."

இல்ஸெ மறுநாள் கிளம்பிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் தங்கிவிட்டாள், இன்னும் இரண்டு வாரம்... தலைமாட்டுச் சக்கரத்தின் கீழே பலகை வைத்து, சாய்ந்த இடத்தில். போகிற அன்று வேனுக்கு அடிக்க வைத்திருந்த நீலப் பெயிண்டை எடுத்தாள். மதிலில் தண்ணீர் நின்ற தடத்தின் மேலே ஒரு கோடு இழுத்தாள். "அடுத்த லட்டாவுக்கு" என்றாள். சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கும் சத்தம் கேட்டது. கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள்.

இப்போதும் கேம்பிங் நடத்துகிறோம். சுக்கு இல்லை. வருகிறவர்கள் போனைத் தரையில் வைத்தே மட்டம் பார்த்துக்கொள்கிறார்கள். வேலியேற்றம் எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே எனக்குக் காட்டுகிறார்கள். அப்போது வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் வந்த தண்ணீர், இப்போது எத்தனை நாள் வருகிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இந்த விருச்சிகத்தில்தான் முதல் தடவையாக இல்ஸெயின் கோடு தண்ணீருக்குள் போனது. ரமேஷேட்டன் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார். "மேல இன்னொன்னு போடட்டா?"

"இருங்க ஏட்டா" என்றேன்.

படியில் உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்குள் தண்ணீர் இறங்கியது. மதில் ஈரத்தில் அந்த நீலம் மெல்ல வெளியே வந்தது... புதிதாக அடித்த மாதிரி.