முயல் குட்டி ஏன் அழுவதில்லை

என் மகளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது, வேலூரில் நான் படித்த பெண்கள் பள்ளியின் ஆசிரியை ஒரு கார்டு போட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுப் பாலூட்டிகளைப் பற்றி ஒரு பாடம் வேண்டுமாம். இங்கிலீஷ் புத்தகத்தில் வெள்ளைக் கரடியும் கங்காருவும்தான் இருக்கின்றன, நம் பக்கத்துப் பிராணிகளை வைத்து நீ எழுதிக் கொடு என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன் என்று பதில் போட்டுவிட்டு அன்றே வருத்தப்பட்டேன். எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான் இருக்க இடமிருந்தது. குழந்தைக்கு எடை ஏறவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், நடுவில் அழுதாலும் எடுக்கக் கூடாது, பழகிவிடும். அடுத்த மாதமும் ஏறாவிட்டால் உன் பால் போதவில்லை என்று அர்த்தம், டின் பால்தான். படித்தவள் என்பதால் சொன்னதை அப்படியே செய்வாள் என்று நம்பினார். நானும் அப்படியே செய்தேன்.

வீட்டில் கடிகாரம் இல்லை. என் கணவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கடிதம் எழுதும் குமாஸ்தா. ஒரே ஒரு பாக்கெட் கடிகாரம் அவரோடு போய்விடும். ஆனால் ஷாப்பின் காவல்காரர் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார். ஆறுக்கு வேலை தொடங்க, ஒன்பதுக்குத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட, பன்னிரண்டுக்குச் சோற்றுக்கு, மூன்றுக்குத் தொட்டியில் தோலைப் புரட்ட, ஆறுக்கு வீட்டுக்குப் போக. எனக்கென்றே அடிப்பது போல இருந்தது. மணி கேட்டதும் குழந்தையை எடுப்பேன்.

பாடத்தில் பாதி எளிதாக வந்தது. "குழந்தைகளே, முள்ளம்பன்றியின் முள் என்பது தடித்துக் கெட்டியாகிப்போன மயிர்தான். எறும்புத்தின்னியின் செதில் மீனின் செதில் போன்றதல்ல, உங்கள் விரல் நகத்தைப் போன்றது. செதிலுக்கு நடுவே உற்றுப் பார்த்தால் மயிர் இருக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் போக்கிய தோலைப் பார்த்து, ஆட்டுக்கு மயிரே கிடையாது என்று சொல்லிவிடாதீர்கள்" என்றெல்லாம் எழுதினேன். குட்டிக்குப் பால் கொடுப்பதைப் பற்றி எழுத வந்ததும் பேனா நின்றுவிட்டது. பால் போதாத ஒரு தாய், பாலூட்டிகளைப் பற்றி என்ன எழுதுவது?

ஏரிக்கரை ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். ஒரு நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அண்ணாந்து பார்த்தேன். மாசி மாதம், குட்டி போட்டிருந்த காலம். குட்டி தாயின் மார்பில் நகத்தாலும் வாயாலும் பற்றிக்கொண்டிருக்க, தாய் இறக்கையால் அதைப் போர்த்தியிருந்தது. பறக்கும்போதும் குட்டி விடுவதில்லை. எந்த நேரமும் பால் பக்கத்திலேயே. அதை எழுதினேன். அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

மறுநாள் ஒன்பது மணிப் பால் முடிந்து சில நாழிகையில் குழந்தை அழத் தொடங்கியது. பன்னிரண்டு அடிக்கட்டும் என்று தூளியை ஆட்டினேன். முற்றத்து நிழல் சுவரை விட்டு நகர்ந்து அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன். என் கண் தவறாகப் பார்க்கிறது என்று நினைத்தேனே தவிர, மணி தவறியிருக்கும் என்று தோன்றவில்லை. ரவிக்கை நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மதியச் சமையலின் புகை வராததையும் கவனித்தேன். இன்னும் நேரமாகவில்லை போலும் என்று அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். குழந்தையின் குரல் மெலிந்து முனகலாகி, பிறகு அதுவும் நின்றது. பழகிவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அந்தக் கணத்தை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

பக்கத்து வீட்டு அம்மாளை நான் ஆபா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அக்கா என்றால் ஆபாதான். அவர் முக்காட்டைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார்.

"இன்னா தங்கச்சி, கொழந்த அந்தக் கத்து கத்திச்சு. நீ காதுல பஞ்சு வெச்சிருந்தியா?"

"இன்னும் பன்னெண்டு அடிக்கலையே ஆபா."

"பன்னெண்டா? மத்தியான ஜொஹர் தொழுதுட்டு வர்றேன் நானு. நேத்து பெறை பாத்தாச்சு, இன்னைக்கு நோன்பு. சோத்து மணி அடிச்சா யாரு துன்றது?"

ஊருக்கு வந்து எனக்கு அது முதல் நோன்பு மாதம். ஆபா தூளிக்குள் எட்டிப் பார்த்துக் குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நோன்பு எங்களுக்குத்தாம்மா. இந்தப் பூச்சிக்கு யாரு வெக்கச் சொன்னாங்க?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அழாத. குடுக்கறப்போ அழுதா பால் கம்மியாயிடும்னு சொல்வாங்க. குடு முதல்ல."

குழந்தை குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. பால் போதாதவளுக்கு இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோது நான் பிறந்த திமிரியில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லை ஞாபகம் வந்தது. எட்டு வயதில் அங்கே தனியாகக் கிடந்த இரண்டு முயல் குட்டிகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்தேன். களை எடுக்க வந்த பெண் ஒருத்தி, "எடுத்த எடத்துலயே வெய்யி பாப்பா. பொழுது சாஞ்சா அம்மாக்காரி வந்து பால் குடுத்துட்டுப் போய்டுவா" என்றாள். பகலெல்லாம் பசிக்காதா, ஏன் அழவில்லை என்று கேட்டேன். "அழுதா நரிக்குத் தெரிஞ்சிடும்ல" என்றாள்.

முயலின் பால் அவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும். குட்டிக்கு அது அடுத்த பொழுது வரை தாங்குகிறது. தாய் அடிக்கடி வந்தால் அவள் வாசனையே நரிக்கு வழி காட்டும். அதனால் அவள் விலகியிருக்கிறாள், குட்டி வாய் திறப்பதில்லை. வௌவால் குட்டிக்குப் பிடித்துக்கொள்ள நகம் இருக்கிறது. என் மகளால் பிடித்துக்கொள்ளவும் முடியாது, புல்லில் பதுங்கவும் முடியாது. அவளுக்குக் கொடுத்திருப்பது குரல் ஒன்றுதான். தாய் கூப்பிடு தூரத்தில் இருப்பாள் என்று நம்பிக் கொடுத்த குரல். நான் அவளை முயல் குட்டியாக வளர்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "மணியை விட்டுடலாம்னு இருக்கேங்க. நர்ஸம்மா சொன்னத மீறலாமா?"

"என்னைக் கேக்கறியே. பரீட்சை பாஸ் பண்ணது நீயா நானா?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, "நோன்புல சோத்து மணி அடிக்காதுன்னு உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு" என்றார்.

அழும்போதெல்லாம் கொடுத்தேன். தைரியமாகக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, வயிறு கெட்டுவிடுமோ, நர்ஸ் சொன்னதுதான் சரியோ என்று தடுமாறி, மணிக்காகக் காது கொடுப்பேன். தூளி அசைந்ததும் எழுந்துவிடுவேன். நடுநடுவே பாடத்தை முடித்து அனுப்பினேன். முயல் குட்டி ஏன் அழுவதில்லை, கைக்குழந்தையாக இருந்தபோது நீங்கள் ஏன் அழுதீர்கள் என்பதே அதன் கடைசிப் பத்தி. ஆசிரியை அதை வெட்டாமல் விட்டுவிட்டார். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, அழுவது நல்லது என்று டீச்சர் சொன்னதாக வீட்டில் வம்பு பண்ணுகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

மாதம் முடிந்து ரயிலில் காட்பாடி போய், ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். குழந்தையைத் தராசுத் தட்டில் கிடத்தினார்கள். முள் சென்ற முறை நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று. நர்ஸ் குனிந்து பார்த்தார். குழந்தையைத் தூக்கிவிட்டு மறுபடி கிடத்தினார். அதே இடம்தான்.

"மணி பாத்து குடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "இல்லைங்க. அழுதப்பல்லாம் குடுத்தேன்."

அவர் சீட்டில் எடையை எழுதினார். நிமிரவில்லை. "சரி, இப்படியே குடுங்க. வரிசையில நிக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, எல்லாரும் ஆரம்பிச்சிடுவாங்க."

தட்டின் குளிர்ச்சி தாங்காமல் குழந்தை அலறியது. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பினார்கள்.

"யப்பா, இன்னா கொரலு!" என்றாள் ஒருத்தி, தன் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு. "எத்தினி மாசம்மா?"

மாதத்தைச் சொன்னேன். மணி பார்க்காமல் கொடுத்ததையும் சொன்னேன்.