பதினேழு எழுத்துகளும் ஒரு பித்தளைக் கொக்கியும்

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 48, உட்பிரிவு 3. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற சான்று — எல்லோரும் சொல்வதுபோல் என்ஓசி — கேட்டு மனுக் கொடுத்தால், அலுவலகம் முப்பது நாளுக்குள் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ எழுத்தில் சொல்ல வேண்டும். ஒன்றுமே சொல்லாவிட்டால்? சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும்.

எவ்வளவு அழகான சட்டம்! எழுதியவர் நிச்சயம் எங்கேயோ மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் 'கருதப்படும்' என்பதை அச்சடித்துக் கையில் கொடுக்க யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் அதற்குப் பொத்தானும் இல்லை. நான் ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ரிடையர் ஆனவன். இந்த உட்பிரிவைக் காட்டிக்கொண்டு யாராவது என் மேசைக்கு வந்திருந்தால், "அதெல்லாம் சரி, பேப்பர் எங்கே?" என்றுதான் நானும் கேட்டிருப்பேன்.

இந்த வருடம் அந்தக் கேள்வி என்னிடமே வந்து நின்றது. காரணம், நான் ஒரு கார் வாங்கினேன்.

பழைய கார். அதுவும், விளம்பரங்களில் 'ஸ்போர்ட்டி' என்பார்களே, அந்த வகை. தாழ்ந்த மூக்கு, ஐந்து கியர், ஆயிரத்து அறுநூறு சிசி இன்ஜின், பின்னால் சின்னதாக ஒரு ஸ்பாய்லர். இருபது வருடத்துக்கு முன் காலேஜ் வாசலில் இது நின்றால் வகுப்பு பாதி காலியாகும். செய்த கம்பெனி இந்தியாவை விட்டே போய்விட்டது.

"நீங்களா?" என்று சித்தூரில் என்னைத் தெரிந்தவர்கள் கேட்பது காதில் விழுகிறது. முப்பது வருடம் ஊரார் காருக்கெல்லாம் முத்திரை குத்திவிட்டு, மாலையில் மொபெட்டில் வீட்டுக்குப் போனவன் நான். ஆசை இருக்கக் கூடாதா? என் மனைவி கேட்டது வேறு கேள்வி.

"அறுபத்தாறு வயசுல வண்டிக்குப் பின்னாடி றெக்கை எதுக்கு?"

இதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

காரை வைத்திருந்தவர் வேலூர்ப் பக்கம் ஒரு பல் டாக்டர். மனைவி தவறிய பிறகு ஆறு வருடமாகத் தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருந்தார். அவர் போட்டது ஒரே நிபந்தனை. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை அவர் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விடுகிறார்... திரும்பி வருவதாக இல்லை. அதற்குள் என்ஓசி வாங்கிவிட வேண்டும்.

"என் பேர்ல ஒரு வண்டி வேற ஸ்டேட்ல ஓடறதை வெச்சிட்டு நான் ப்ளைட் ஏற மாட்டேன் சார். ஓடிபி வர்றதும் என் போனுக்குத்தான். அந்த நம்பர் அதோட கட். ஆகலைன்னா சொல்லுங்க, காயலான் கடைக்காரன் ரெடியா இருக்கான்."

நியாயமான மனிதர். "டாக்டர், பேப்பர் வேலையைப் பற்றிக் கவலையே படாதீர்கள்" என்றேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். நான் இனிமேல் சொல்லமாட்டேன்.

காரை லாரியில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுவந்தேன். திருப்பதி டாக்சிக்காரர்களை விசாரித்தால், வயரிங் என்றால் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் கை காட்டுகிறார்கள் — திருச்சானூர் ரோட்டில் ஒரு தகர ஷெட். அமுதா அக்கா ஷெட். அமுதாவுக்கு நாற்பது வயதிருக்கும். நகரியில் பவர்லூம் வீட்டில் பிறந்தவர். அப்பா தறி ரிப்பேர் பார்ப்பவர், கணவர் டாக்சி ஓட்டுபவர். கணவருடைய வண்டியில் ஆரம்பித்து, இப்போது ஸ்டாண்டில் பாதி வண்டிகள் இவர் கையில்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார்... கார் வாங்கினீங்களா, எலிக்கு ஆஸ்டல் வாங்கினீங்களா? வயரு எல்லாத்தையும் துன்னுட்டு, உள்ளயே குடும்பம் நடத்திக்கினு இருந்துக்குது!"

புது வயரிங் செட் கிடைக்குமா? கம்பெனியே இல்லாதபோது செட்டுக்கு எங்கே போவது? 'சரி, காயலான் கடைதான்' என்று என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"பர்வாலேது சார். ஒண்ணொண்ணா பிணைச்சிடலாம்."

"ஒவ்வொரு வயரையுமா?"

"தறியில ஒரு பாவு முடிஞ்சா, பழைய நூல் முனையில புது நூல் முனையப் பிணைக்கணும் சார். ரெண்டாயிரம் மூவாயிரம் இழை. அதுல ஒண்ணு மாறினாலும் சேலை பூரா கோடு வுழும். பத்து வயசுல பண்ணிக்கினு இருந்தேன். இது எத்தினி? நூத்திச் சொச்சம். இதுக்குப் போயி மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு..."

பதினொரு நாள் வேலை. நான் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இன்டர்நெட்டில் எடுத்த சர்க்யூட் படத்தைப் பார்த்து 'பச்சையில் மஞ்சள் கோடு, பழுப்பில் வெள்ளைக் கோடு' என்று படித்துக்கொண்டே இருப்பேன். அவர் காருக்குள் தலைகீழாகக் கிடந்து பிணைப்பார். ஒவ்வொரு முனையிலும் துணி நாடா, அதில் நம்பர். என் வாழ்நாளில் இத்தனை ஒழுங்காகப் பக்க எண் போட்ட கோப்பை நான் பார்த்ததில்லை. நான் போட்டதும் இல்லை.

ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உங்க பேப்பர் தப்பு சார்."

"அச்சடிச்ச பேப்பர்மா இது."

"வண்டிக்குப் படிக்கத் தெரியாதே சார்!"

பேப்பர்தான் தப்பு.

பன்னிரண்டாம் நாள் காலை சாவியைத் திருப்பச் சொன்னார். முதலில் ஓர் இருமல். பிறகு வெள்ளைப் புகை. பிறகு... அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஆறு வருடமாக வாயைத் திறக்காத ஒரு மனிதர் திடீரென்று பேச ஆரம்பித்தால், முதல் வாக்கியம் கரகரப்பாகவும் இரண்டாவது வாக்கியம் கணீரென்றும் இருக்குமே, அப்படி. அமுதா நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்தார். பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணாவது சிலிண்டர் கொஞ்சம் மொணகுது. மத்தபடி பேஷா கீது."

மூன்றாவதன் முணுமுணுப்பும் மறுநாள் அடங்கியது. ரோட்டில் ஓட்ட எனக்கு உரிமை இல்லை. பேப்பர் இல்லையே! ஷெட்டுக்குள்ளேயே ஓட்டினேன். இருபது அடி முன்னால், இருபது அடி பின்னால். நாற்பது தடவை இருக்கும். அமுதா தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

இவ்வளவு அழகாக ஓடும் காருக்குள்ளே துருவும் அழுக்கும் இருக்கலாமா? இன்ஜின் இருக்கும் பகுதியை உள்ளே முழுக்கப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்.

"பேப்பர் வேலையெல்லாம் ஆயிட்ச்சா சார்? அப்பறமா அடிக்கலாமே" என்றார் அமுதா.

"பேப்பர் என் டிபார்ட்மென்ட். நீ அடிக்கச் சொல்லும்மா."

அடித்தார்கள். கண்ணாடிபோல் மின்னியது. அதன் பிறகுதான் என்ஓசி மனுவை நிரப்ப உட்கார்ந்தேன். படிவம் 28. அதில் ஒரு கட்டம் உண்டு: சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு. இன்ஜினுக்குப் பக்கத்தில் வண்டியின் இரும்பில் கொத்தியிருக்கும் பதினேழு எழுத்துகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் விழும். அதை ஒட்ட வேண்டும். சுலபம்.

தேய்த்தேன். பதின்மூன்று எழுத்து விழுந்தது. கடைசி நாலு எழுத்து இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு மேகம்.

அந்த இடத்தைத் துருக் குழி என்று நினைத்துப் பெயிண்டர் பட்டி பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? அச்சு எடுத்த பிறகு பெயிண்ட் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு? முப்பது வருடத்தில் என் மேசைக்கு வந்த பென்சில் அச்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் தாளாகத்தான் வந்தது. ஒரு தடவையாவது ஒரு காருக்குள் குனிந்து, அது எங்கிருந்து வருகிறது என்று நான் பார்த்ததில்லை. தெளிவில்லாதவற்றின் ஓரத்தில் 'அச்சு தெளிவில்லை, திருப்புக' என்று எழுதுவேன். இரண்டு நொடி வேலை.

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"சார்! கைய எடுங்க! எடுங்கன்றேன்!"

அமுதா என் கையிலிருந்து உப்புத்தாளைப் பிடுங்கியே விட்டார்.

"தேச்சீங்கன்னா பட்டியோட நம்பரும் பூடும். கீறல் விழுந்தா, திருட்டு வண்டின்னு புட்ச்சி உள்ள வெச்சிடுவானுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சேசிஸ் எண்ணில் புதிய கீறல் இருந்தால் கோப்பு போலீசுக்குப் போகும். நானே இரண்டு கோப்புகளை அனுப்பியிருக்கிறேன்.

அமுதா வீட்டிலிருந்து ஒரு சின்ன சாமான் கொண்டுவந்தார். தறியில் சீப்புப் பல்போல் நிற்கும் அச்சுக் கம்பிகளின் இடுக்கு வழியாக நூலை இழுக்கும் பித்தளைக் கொக்கி. மெல்லியது, தட்டையானது. பெயிண்ட் கரைக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டு வைப்பார். காத்திருப்பார். இளகியதும் கொக்கியின் நுனியால் எழுத்தின் பள்ளத்தில் இருப்பதை மட்டும் எடுப்பார். பித்தளை இரும்பைவிட மெது, எவ்வளவு இழுத்தாலும் கீறாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "கைக்குத் தெரியும் சார்" என்றார்.

மூன்று மத்தியானம். ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை எழுத்து. டாக்சிக்காரர்கள் வந்து வந்து நின்று பார்த்துவிட்டு, அவசர வேலையை நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்று போனார்கள். கடைசி எழுத்து வெளியே வந்ததும் தாளை என்னிடம் நீட்டி, "நீங்களே தேய்ங்க சார், உங்க டிபார்ட்மென்ட்டாச்சே" என்றார். குத்தல்தான். ஆனாலும் தேய்த்தேன். பதினேழும் விழுந்தன.

வேலூருக்குப் போய் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். முப்பது நாள் போயிற்று. போன் செய்தேன்.

"ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றார் எடுத்தவர்.

"முப்பது நாள் தாண்டிவிட்டது. பிரிவு 48, உட்பிரிவு 3-இன்படி..." என்று முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல ரூல் சார்" என்றார்.

இதற்கு மேல் அவரை என்ன செய்வது? பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். நினைவூட்டல் போட்டேன். நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல் போட்டேன். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் டாக்டர் போன் செய்தார். "காயலான் கடைக்காரன் கேக்கறான் சார். அடுத்த வாரம் லாரி அனுப்பவான்னு."

ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். அமுதா ஒரு சீட்டை நீட்டினார். புரோக்கரின் நம்பர்.

"நாலு நாள்ல வாங்கிக் குடுத்துடுவான் சார்."

"முப்பது வருஷம் புரோக்கரை என் மேசைப் பக்கம் விடாதவன்மா நான்."

"உங்க பிடிவாதத்துக்கு இந்த வண்டி சாவணுமா சார்?"

நூற்றுச் சொச்சம் பிணைப்பும் நாலு எழுத்தும் அவர் கையில் செய்தவை. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புகிற உரிமை என் கொள்கைக்கு உண்டா? சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அமுதா ஸ்பேனர் செட்டுக்குப் பொட்டு வைத்து, காரின் நெற்றியிலும் பெரிதாக ஒன்று வைத்திருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பஸ் பிடித்துச் சித்தூர் வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், புரோக்கரின் சீட்டு இன்னும் பையிலேயே இருக்க, டாக்டரிடமிருந்து வாட்ஸ்அப். பெட்டி கட்டுகிற அவசரம், ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு படம் மட்டும். என்ஓசி. கூடவே படிவத்தின் பக்கம். பென்சில் அச்சின் ஓரத்தில், என்னைப் போன்றவர்கள் எழுதுவதற்கென்றே விட்டிருக்கும் இடத்தில், முகம் தெரியாத ஓர் அதிகாரி பச்சை மையில் எழுதியிருந்தார்: 'அச்சு மிகத் தெளிவு.'

நான் ஒருநாளும் எழுதாத வரி அது. தெளிவாக இருந்தவற்றைப் பேசாமல் அடுத்த பக்கம் திருப்பியிருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸில் திருப்பதிக்குப் போய் அமுதாவிடம் காட்டினேன். மாலை டாக்சிகள் வரிசையாக நின்றன. கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

"தெளிவா இருந்தா தெளிவுன்னுதானே சார் எழுதுவாங்க... இதுல இன்னா இருக்குது?" என்றார். அப்புறம், "ஒரு காப்பி எடுத்துக் குடுங்க சார்" என்றார்.

ஷெட்டில், பில் புத்தகம் தொங்கும் ஆணிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்க்கலாம். பென்சிலில் பதினேழு எழுத்துகள், பச்சையில் ஒரு வரி, அதன் கீழே கையெழுத்தும் தேதியும் — ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை.