மேலே போகவேண்டிய கோடு

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்களை நான் தடுக்க முடியாது. ஆனால் அன்று ஹங்கேரியில், செகெட் நகர ஆய்வகத்தில் நான் இருந்தேன். டிசம்பர் ஒன்பது. நேரங்களைக் கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மருந்து மூலக்கூறுகளைப் பிரிப்பது எங்கள் வேலை. சில மூலக்கூறுகள் இரட்டையாக வரும், வலது கையும் இடது கையும்போல. எடை ஒன்றே, நிறம் ஒன்றே. நீண்ட குழாய்க்குள் செலுத்திப் பிரித்தாலும் எது எதுவென்று சாதாரண விளக்கு சொல்லாது. சுழலும் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். எங்கள் மருந்தில் வலதுக்குத் திரையில் கோடு மேலே எழும். இடதுக்குக் கீழே இறங்கும்.

இரண்டு மாதம் நான் முயன்றும் அந்த ஜோடி பிரியவில்லை. என்னோடு வேலைபார்க்கும் போக்லார்கா பதினோரு நாளில் பிரித்துவிட்டாள். வியன்னா மாநாட்டில் அவள்தான் பேசப்போகிறாள் என்று அன்று மதியச் சாப்பாட்டின்போது பேராசிரியர் பார்னா சொன்னார்.

"ஏய் எமெஷே, ரெண்டு மாசமா அந்தக் குழாயைக் கட்டிப் புடிச்சிட்டு இருந்தியே, கல்யாணத் தேதி குறிச்சாச்சா?" என்றாள் போக்லார்கா, வாயில் புதினா மிட்டாயை உருட்டியபடி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசைக்கடியில் என் நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

மறுநாள் காலை அவள் எல்லார் முன்னாலும் அந்தப் பிரிப்பைச் செய்து காட்ட வேண்டும். அன்று மூன்றரைக்குக் கிளம்பினாள். மற்றவர்களும் போனார்கள்.

3:52. அவளுடைய இரண்டு சுத்த மாதிரிப் புட்டிகளின் லேபிள்களை உரித்து, மாற்றி ஒட்டினேன். வலது இடதாயிற்று. நாளை கோடு தலைகீழாக வரும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்... அவ்வளவுதான் என் ஆசை.

எங்கள் ஊர் டிசம்பரில் வழக்கம்போல, நாலு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது.

4:10. கதவு திறந்தது. அட்டையைக் காட்டினால் வரும் 'பீப்' வரவில்லை.

போக்லார்கா.

"எதையாவது மறந்துட்டியா?"

குளிர்கோட்டைக் கழற்றாமல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என்னவோ சரியில்லை. அவளுக்கு வகிடு இடப்பக்கம். இப்போது வலப்பக்கம். கோட்டுப் பொத்தான்கள் ஆண்கள் கோட்டில்போல மறுபுறம். கன்னத்து மச்சமும்...

மூச்சு விட்டாள். புதினா மணக்கவில்லை. ரொட்டியில் தூவும் சீமைச் சோம்பு மணந்தது.

எங்கள் படிப்பில் முதல் வருடமே முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். ஒரே மூலக்கூறு. இடது வடிவம் புதினாவாக மணக்கும். வலது வடிவம், அந்தச் சோம்பாக.

க்ளிக்...

பம்ப் தானாக ஓடியது. நான் எதையும் செலுத்தவில்லை.

கோடு இறங்கியது.

இறங்கிக்கொண்டே...

"திருப்பி மாத்து," என்றாள்.

4:17. புட்டியை எடுத்தேன். லேபிள் நகத்தில் சிக்கிக் கிழிந்தது. நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

3:52க்கு டிராம் நிறுத்தத்தில் போக்லார்கா சுருண்டு விழுந்தாள் என்று மறுநாள் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வியன்னாவுக்கு நான்தான் போகப்போகிறேன் என்று ஆனது. அடக்கத்தன்றும் எல்லாரும் அவளைப் பற்றியே பேசினார்கள். அப்போதும் எனக்கு அது உறுத்தியது.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் என்னமோ உளர்றார்மா. அவ இதயம் வலப்பக்கம் இருந்துச்சாம். பொறக்கும்போதே அப்படித்தானாம். நான் பெத்தவ. குழந்தையில எத்தனை ராத்திரி அவ நெஞ்சுல காதை வச்சுக் கேட்டிருக்கேன்... இடப்பக்கம்தான் துடிச்சுது."