சீதனக் கல்

நனைந்த வழுவழுப்பான கல்லில் மெல்லிய கத்தி போய்வரும்போது எழும் ஓசை, அழும் பிள்ளையைத் தாய் அமர்த்துகிற 'உஷ்' போன்றது. அதே கத்தியை முரட்டுக் கல்லில் இழுத்தால் 'கறக் கறக்' என்று பல்லைக் கூசவைக்கும். குருநகரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இந்த இரண்டு கற்களும் அருகருகே கிடந்தன. முரடு அப்பா வீட்டுக் கல், வழுவழுப்பு அம்மா கொண்டுவந்த கல். இரண்டுக்கும் இடையில் ஒரு வழக்கே நடந்தது, அதில் என் அம்மா வென்றார் என்பதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் கல்தான், ஆனால் அது சுண்ணாம்புக் கல். கத்தி தீட்ட உதவாது, கத்திதான் அதைச் சுரண்டும். ஆகவே கத்தி தீட்டும் கல் எந்த வீட்டுக்கும் வெளியிலிருந்து வந்தாக வேண்டிய பொருள். அம்மா இணுவிலில் தோட்டம் செய்த சைவக் குடும்பத்தில் பிறந்தவர். கடற்றொழில் செய்த அப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டு குருநகருக்கு வந்தபோது நகையும் இல்லை, காணியும் இல்லை. மரக்கறி நறுக்கும் ஒரு சின்னக் கத்தியும் அதைத் தீட்டும் அந்தக் கறுத்த கல்லும்தான் பையில் இருந்தன. அடுத்த வீட்டில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, அதைப் பார்த்து வைத்த பெயர்தான் 'சீதனக் கல்'. அம்மாவுக்கும் ஒரு பட்டம் கிடைத்தது: 'மரக்கறி'.

வந்த புதிதில் அம்மா அப்பாவின் மீன் கத்தியை அந்தக் கல்லில் காலை முழுவதும் தீட்டினாராம். தோட்டத்து வீடுகளில் நல்ல கத்தி என்றால் வெட்டும் வாய் மெல்லியதாக, முகம் பார்க்கலாம் போல மினுங்க வேண்டும். அப்படி மினுங்கிய கத்தி அறக்குளா மீனின் வழுக்குத் தோலில் பிடிக்காமல் சறுக்கி, பிறகு முள்ளில் பட்டு வாய் உடைந்துவிட்டது. "முகம் பாக்கிற கத்தியாலை மீன் வெட்டலாமோ?" என்று மாமி கேட்டது ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகப் போயிற்று. அம்மா ரோசக்காரி. கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பதிலை அவர் வருடக்கணக்காகத் தேடினார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகியிருந்தது: முரட்டுக் கல்லில் தீட்டிய கையோடு ஒரு தக்காளி, ஒரு வெங்காயம், கொஞ்சம் மீன் வெட்டுவார், பிறகு அதே கத்தியைச் சீதனக் கல்லில் தீட்டி மறுபடியும் அவற்றையே வெட்டுவார். தீர்ப்புச் சொல்வது நானும் தங்கச்சியும். முரட்டுக் கல் கண்ட கத்தி தக்காளித் தோலை உடனே கடித்தது, ஆனால் வெங்காயத்தை நசித்து எங்கள் கண்ணைக் கரிக்கவைத்தது, மீன் சதையையும் பிய்த்தது. சீதனக் கல் கண்ட கத்தியில் வெங்காயம் இதழிதழாக விழுந்தது, தக்காளித் தோலிலோ கத்தி சற்றே தயங்கியது. அந்த நாட்களில் எங்கள் குழம்பில் துண்டுகள் எல்லா அளவிலும் மிதக்கும். அப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு எழும்புவார்.

"கத்திக்கும் பல்லிருக்குப் பிள்ளையள். முரட்டுக் கல்லிலை பல்லு முளைக்கும், மற்றதிலை தேயும். மரக்கறிக்குப் பல்லுத் தேவையில்லை, மீனுக்குக் கொஞ்சம் வேணும்" என்று ஒருநாள் அம்மா சொன்னார். அதன்பிறகு மீன் கத்தியை முரட்டுக் கல்லில் கூராக்கி, பிசிறு போகும் அளவுக்கு மட்டும் சீதனக் கல்லைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்.

மாமியின் மகளுக்குக் கலியாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்த நாள் வந்தது. மாமா பெரிய அறக்குளா ஒன்று வாங்கி வந்திருந்தார். வருகிறவர்களும் கடலோடிகள், பிய்ந்த துண்டைத் தட்டில் கண்டால் வீட்டையே எடைபோட்டு விடுவார்கள். மாமி முரட்டுக் கல் ஒன்றையே நம்புகிறவர். அவருடைய கத்தி முதல் துண்டைப் பிய்த்தது, அடுத்ததையும் பிய்த்தது. அம்மா தான் தீட்டிய மீன் கத்தியோடு போய் நின்றார்.

"தாங்கோ மச்சாள், நான் வெட்டுறன்."

"நீரோ? இது பூசணிக்காய் இல்லை."

"ஓம், மீன் எண்டு தெரியுது."

முற்றத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இந்த முறையும் கத்தி சறுக்கினால் 'மரக்கறி' என்ற பட்டம் அம்மாவை விட்டு என்றைக்கும் போகாது. ஆனால் கத்தி வைத்த இடத்திலேயே தோலைப் பிடித்து, ஓர் இழுவையில் சதைக்குள் இறங்கியது. நடு முள் வந்ததும் கத்தியின் முதுகில் உள்ளங்கையால் ஒரு தட்டு. துண்டுகள் ஒரே தடிப்பில், ஓரம் பிசகாமல் வாழையிலையில் விழுந்தன. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி, தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று, "அது எங்கடை அம்மா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

சாப்பாட்டின்போது மாப்பிள்ளையின் தாய் பொரித்த துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆர் வெட்டினது என்று கேட்டார். மாமி அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "என்ரை தம்பியின்ரை பெண்சாதி. கல்லைச் சீதனமாக் கொண்டு வந்தவ. அப்பிடிச் சீதனம் இந்த ஒழுங்கையிலை ஒருத்தரிட்டையும் இல்லை."

இப்போது நான் நல்லூரில் இருக்கிறேன். கடையில் வாங்கிய என் கல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நிறம், பக்கத்துக்கு ஓர் இலக்கம், இலக்கம் கூடினால் வழுவழுப்பும் கூடும். இலக்கம் கூடிய பக்கம்தான் திறம் என்று வாதாடும் என் கணவரிடம் ஒரு தக்காளியை நீட்டுவேன். அப்பா வீட்டு முரட்டுக் கல் எப்போதோ உடைந்து போயிற்று. 'மரக்கறி' என்ற பட்டமும் ஒழுங்கையிலிருந்து மறைந்துவிட்டது, அதற்காக நான் வருந்தவில்லை. மாமி சுகமாகத்தான் இருக்கிறார். கத்தி மழுங்கினால் அம்மாவிடம் வந்து, "உந்தச் சீதனத்தை ஒருக்கால் தாரும் மச்சாள்" என்று கேட்கிறார்.

என் கலியாணத்தின்போது அந்தக் கல்லை எனக்குத் தரச் சொன்னேன். பிற்காலத்தில் சேர்த்த நகையை நான் கேளாமலே கழற்றித் தந்த அம்மா, கல்லை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது என்ரை சீதனம், பிள்ளை. உன்ரையை நீ தேடு."