நடுவில் இருந்த லேசர்

லேசர் ஆய்வகத்தில் வேலை என்றால் எல்லாரும் ஒளியைப் பற்றித்தான் கேட்பார்கள். மேஜை ஆடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்பது செய்தவர்களுக்கே தெரியும். நுண்ணிய கருவிகளோடு காலம் தள்ளுகிறவரானால் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கல்லூரி திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் சாலை மேலேயே இருக்கிறது. நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர்.

வாசலில் கன்டெய்னர்

நூர்ஜஹான் முனைவர் பட்ட ஆய்வுக்காக எங்களிடம் வந்தவர். அவருடைய மேஜையில் வரிசையாக மூன்று சிறிய லேசர்கள். ஒவ்வொன்றின் ஒளியும் கண்ணாடியில் பட்டுத் தனக்கே திரும்பும்; அதனால் நிலைகுலைந்து தாறுமாறாகத் துடிக்கும். வெளியே கன்டெய்னர் லாரி உறுமினால் கண்ணாடி அசையும், அன்றைய அளவீடு போய்விடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சாலைக்கே போய், கொஞ்சம் மெதுவாகப் போகும்படி ஒரு டிரைவரிடம் கேட்டார்.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார்: “காலைலேர்ந்து இதே எடத்துல நின்னுகினு கீறேன். இதுக்கு மேல மெதுவா எப்டிம்மா போறது?”

அத்தாவின் கேள்வி

நூர்ஜஹானின் அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. ஒருநாள் மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், இது என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். “மூணையும் இணைச்சா, ஒண்ணோட வெளிச்சம் அடுத்ததுக்குள்ள போகும் அத்தா. அப்ப ஓரத்துல இருக்குற ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி தாறுமாறா துடிக்கும். அடங்காது. ஆனா ரெண்டுக்கும் வித்தியாசமே இருக்காது” என்றார் மகள். இரண்டும் ஒத்துப்போனால் கணினித் திரையில் சாய்ந்த கோடு விழும். இல்லையென்றால் இறைத்த கடுகு போலப் புள்ளிகள் சிதறும். அன்று கோடு இருந்தது.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: “எங்க தெருவுல ஒருத்தன் கத்துனா மொத்தக் கடையும் கத்தும். இதுக்குப் பட்டம் குடுப்பாங்கன்னு யாரும் சொல்லலியேம்மா.”

டேப் பிடித்தவர்

நூர்ஜஹானுக்குக் கிடைத்திருந்தது கடைசி நீட்டிப்பு. ஆய்வுக் குழுவுக்கு முன்னால் அந்தக் கோட்டைக் காட்டியாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து; இத்தனை வருட உழைப்பும் போகும். குழு வரும் வாரத்தில் பக்கத்துத் துறையிலிருந்து ஒருவர் வந்து அறையை அளந்தார். அவர்களுக்கு அலமாரி வைக்க இடம் வேண்டுமாம்.

டேப்பை நூர்ஜஹானின் தலைக்கு மேலாக நீட்டியபடியே சொன்னார்: “நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க மேடம், நான் செவுத்த மட்டும் அளந்துட்டுப் போயிடறேன்.”

செல்வத்தின் உதவி

குழு வருகிறதென்றால் கோளாறான கருவி எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் துறையின் எழுதப்படாத சட்டம். கருவிகளைப் பராமரிக்கும் செல்வம் எர்ணாவூர்க்காரர், உதவும் குணமுள்ளவர். குழு வரவிருந்த அன்று காலை எங்களுக்கு முன்பே வந்து மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். நூர்ஜஹான் கருவிகளை ஓடவிட்டார். திரையில் வெறும் கடுகு.

நடு லேசரைக் காணவில்லை. அது எப்போதும் மற்ற இரண்டிலிருந்து சற்று விலகித்தான் துடிக்கும். ஆனால் ஓரத்திலிருப்பவை ஒன்றையொன்று அறிவது அதன் வழியாகத்தான். நூர்ஜஹான் மேஜைக்கு அடியிலும் குனிந்து தேடினார்.

செல்வம் அலமாரியைக் காட்டினார்: “ரெண்டும் ஒண்ணா ஆடுது, நடுவுல கீறது மட்டும் ஏறுக்குமாறா ஆடிச்சு. பெரியவங்க வர்ற நேரத்துல நம்ம மானம் போவக்கூடாதுன்னு நான்தான் கழட்டி வச்சேன் மேடம்.”

ஒரு துண்டு அட்டை

நூர்ஜஹான் அதை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தார். திருப்புளியை வாங்கிக்கொண்டு குனிந்தவர்தான். குழு உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் நிமிரவில்லை. ஒருவழியாகக் கோடு வந்தது. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “நடுவுல இருக்கிறது சேரலையே, ரிப்பேரா?”

நூர்ஜஹான் நடு லேசருக்கும் பக்கத்து லேசருக்கும் இடையில் ஒரு துண்டு அட்டையைப் பிடித்தார். கோடு உடைந்து சிதறியது. எடுத்தார், கோடு திரும்பியது. தலைவர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். பிறகு அட்டையைத் தானே வாங்கிச் செய்து பார்த்தார். ஆய்வேட்டை எழுதிக் கொடுக்கலாம் என்றார்.

கதவருகே நின்ற செல்வம் தொண்டையைச் செருமினார்: “காலைலயும் அதே மாரிதான் சார் கலஞ்சுது. சாட்சிக்கு நான் கீறேன்.”

கருவி கெட்டிருக்கிறதா, நம் கணிப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம். இரண்டாவதற்கு மட்டும் உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.